மீன் தொட்டியில் கபோம்பா கரையாமல் இருக்க

செட்டியார்பட்டி, ராஜபாளையம் பக்கம் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு: கபோம்பா என்ற நீர்ச்செடிக்கு மென்மையான தண்ணீர்தான் உயிர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், பிடித்து வைத்த மழைநீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றவும்.

கட்டாக வாங்கிய செடியை அப்படியே நடாதீர்கள். ரப்பர் வளையத்தைக் கழற்றி, அடி இலைகளைக் கிள்ளி, ஒவ்வொரு தண்டையும் இரண்டு விரல் இடைவெளியில் ஊன்றுங்கள். நெருக்கி நட்டால் அடியில் வெளிச்சம் படாமல் தண்டு அழுகும். தினம் எட்டு மணி நேரம் எல்இடி வெளிச்சம் போதும். கோடையில் தொட்டியை ஜன்னல் வெயிலில் வைக்கக் கூடாது. தண்ணீர் சூடேறினால் இலை உதிரும். தங்கமீன் இருக்கும் தொட்டிக்கு இந்தச் செடியே வேண்டாம், கடித்துத் தீர்த்துவிடும்.

தண்டு நீண்டு அடிப்பகுதி மொட்டையானால், நுனியில் அரையடி வெட்டி மறுபடி நடுங்கள்.

வெட்டிய மிச்சத்தை மட்டும் தயவுசெய்து கண்மாயிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். இது அமெரிக்கக் கண்டத்துச் செடி. துண்டுத் தண்டு போதும், முளைத்துவிடும். 2020இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் வாய்க்காலையே இளஞ்சிவப்பாக்கி, ஊரே திரண்டு பார்த்த பூ இந்த இனத்துடையதுதான். வெட்டிய மிச்சத்தை வெயிலில் நன்றாகக் காயவைத்து, குப்பையில் சேர்த்துவிடுங்கள்.