முற்றத்தில் மலர்ந்த பள்ளி

நுழையும்முன்

போலாரத்திலும் அதனைச் சூழ்ந்த செகந்திராபாத் பகுதிகளிலும் சிறு குழந்தைகள் காலையில் தாயின் கைப்பற்றிச் செல்லும் இடம் ஒன்றுண்டு. அதன் பலகையில் ‘அங்கன்வாடி மையம்’ என்று தெலுங்கில் எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் பலர் அதனைப் ‘பால்வாடி’ என்றே வழங்குவர். பள்ளிக்கு வர இயலாத குழந்தையைத் தேடிப் பள்ளியே செல்ல வேண்டும் என்று எண்ணிய ஆசிரியைகளின் வாழ்வு இப்பெயர்களின் பின்னே மறைந்துள்ளது. அவர்களுள் ஒருவராகிய அனுதாயி வாக் அம்மையாரின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

இளமையில் சூழ்ந்த இருள்

அனுதாயி வாக், 1910ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் மராட்டிய நாட்டின் புனே மாவட்டத்தைச் சேர்ந்த மோர்காவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். ‘தாயி’ என்பது மராத்தி மொழியில் தமக்கையைக் குறிக்கும் மதிப்புச் சொல். பிற்காலத்தில் எண்ணற்ற குழந்தைகளுக்குத் தாய்போல் விளங்கிய ஒருவருக்கு அப்பெயர் தமிழ்ச் செவிக்கும் பொருத்தமாகவே ஒலிக்கிறது.

அக்காலத்தில் சிறுமியருக்கு மணம் முடிக்கும் வழக்கம் பரவியிருந்தது. அனுதாயிக்குப் பதின்மூன்றாம் அகவையில் திருமணம் நடந்தது. ஆறு திங்கள் கழிவதற்குள் கணவர் இறந்தார். விளையாடித் திரிய வேண்டிய வயதில் அவர் கைம்பெண் ஆனார். கைம்பெண்கள் நற்காரியங்களிலிருந்து விலக்கப்பட்டு, வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்கி வாழ்ந்த காலம் அது.

அனுதாயி மூலையில் ஒடுங்கவில்லை. விட்ட படிப்பைத் தொடர்ந்தார். புனேவில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். 1929ஆம் ஆண்டில் நாசிக் மாவட்டத்தின் சாந்த்வட் என்னும் ஊரில் ஆசிரியையாகப் பணியேற்றார். பின்னர்ப் புனே நகரப் பெண்கள் பள்ளி ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு நெருங்கிய காலம் பணியாற்றினார். பகலில் கற்பித்தார், இரவுப் பள்ளியில் கற்றார். இவ்வாறு 1937ஆம் ஆண்டில் மெட்ரிக்குலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

வழிகாட்டிய விளக்குகள்

ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவதுபோல, அனுதாயியின் பணிக்கு ஊக்கம் தந்தோர் வரிசையாக நின்றனர்.

முதலாமவர் இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1907ஆம் ஆண்டில் உரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழை மக்கள் வாழ்பகுதியில் அவர் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். குழந்தை தானே செய்து, தானே அறியும் இயல்புடையது; அதற்கேற்ற சூழலை அமைத்துத் தருவதே ஆசிரியரின் கடமை என்பது அவரது கொள்கை.

இரண்டாமவர் குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா. வழக்கறிஞராக இருந்த அவர், தம் மகனை வளர்க்கும் முறையை ஆராய்ந்தபோது மாண்டிசோரியின் நூலைக் கற்றார். அதன்பின் நீதிமன்றத்தை விட்டு, 1920ஆம் ஆண்டில் பவநகரில் ‘பால மந்திர்’ என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். அடியும் அச்சமும் இல்லாத வகுப்பறையைக் கதையாலும் பாட்டாலும் நிரப்பினார். குழந்தைகளிடம் அவர் காட்டிய அன்பு கருதி, மக்கள் அவரை ‘மீசை வைத்த தாய்’ என்று அழைத்தனர்.

மூன்றாமவர் தாராபாய் மோடக். 1892ஆம் ஆண்டில் மும்பையில் பிறந்து, 1914ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர். பெண்கள் கல்லூரிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலம் அது. மணவாழ்வு முறிந்தபோதும் அவர் தளரவில்லை. 1923ஆம் ஆண்டில் பவநகர் சென்று கிஜுபாயுடன் இணைந்தார். இருவரும் 1926ஆம் ஆண்டில் ‘நூதன் பால் சிக்ஷண் சங்கம்’ என்னும் அமைப்பை உருவாக்கி, இந்தியச் சூழலுக்கேற்ற குழந்தைக் கல்விக்கு வழிவகுத்தனர்.

ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. மாண்டிசோரி முறைக்கு வேண்டிய கருவிகள் விலை மிக்கவை. ஏழைகளுக்காகத் தோன்றிய கல்விமுறை, நம் நாட்டில் நகரத்துச் செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கே பெரிதும் பயன்பட்டது. 1931ஆம் ஆண்டில் இலண்டனில் மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றிய காந்தியடிகள், இத்தகைய கல்வி வறியோரின் குழந்தைகளுக்கும் கிட்ட வேண்டும் என்னும் விருப்பத்தை வெளியிட்டார். அவ்விருப்பத்தை நிறைவேற்றத் தாராபாய் நகரத்தை விட்டுச் சிற்றூரை நாடினார்.

போர்டியில் பிறந்த பெயர்

1945ஆம் ஆண்டில், மராட்டியத்தின் கடற்கரைச் சிற்றூராகிய போர்டியில் தாராபாய் ‘கிராமக் குழந்தைக் கல்வி மைய’த்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்து மூன்று. அதே ஆண்டில் பயிற்சி முகாம் ஒன்றில் அவரைச் சந்தித்த அனுதாயி, புனே நகரத்துப் பணியை விட்டு அவருடன் சென்றார். அன்று தொடங்கிய நட்பு, தாராபாயின் இறுதிநாள் வரை நீடித்தது.

போர்டியில் பள்ளி திறந்திருந்தது. ஆனால், மிகவும் வறிய குடியிருப்புகளிலிருந்து குழந்தைகள் வரவில்லை. தாயும் தந்தையும் விடியுமுன் கூலி வேலைக்குச் சென்றுவிடுவர். குழந்தையைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கு அனுப்புவார் எவருமிலர். தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிலிருந்து வரும் குழந்தைகளுக்குத் தீண்டாமை என்னும் தடையும் இருந்தது.

‘குழந்தை ஏன் வரவில்லை?’ என்று குறைகூறிக்கொண்டு ஆசிரியைகள் அமர்ந்திருக்கவில்லை. ‘பள்ளி ஏன் அங்குச் செல்லக்கூடாது?’ என்று எண்ணினர். குடியிருப்பில் ஒரு வீட்டின் முற்றத்தைப் பெருக்கி, அங்கேயே குழந்தைகளைக் கூட்டினர். முகம் கழுவி விட்டனர், நகம் வெட்டினர், தலைவாரினர். அதன்பின் பாட்டும் கதையும் தொடங்கின. தூய்மையே முதற்பாடம் ஆயிற்று.

விலைமிகு கருவிகளுக்கு ஈடாகக் கூழாங்கற்களும் கிளிஞ்சல்களும் இலைகளும் விதைகளும் குச்சிகளும் பயன்பட்டன. கூழாங்கற்களை அடுக்கி எண்ணக் கற்றனர். இலைகளை ஒப்பிட்டுச் சிறிது பெரிது அறிந்தனர். விதைகளைத் தரையில் பரப்பிக் கோலமிட்டனர். காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருள் ஒன்றும் அங்கு இல்லை. கற்றல் மட்டும் குறைவின்றி நடந்தது.

முற்றத்தில் நடந்த அப்பள்ளிக்கு ‘அங்கன்வாடி’ என்று பெயர் வந்தது. ‘அங்கன்’ என்பது முற்றத்தைக் குறிக்கும். ‘அங்கணம்’ என்று தமிழிலும் இச்சொல் உண்டு. ‘வாடி’ என்பது தோட்டம் என்னும் பொருளுடையது. வீட்டு முற்றமே குழந்தைகள் மலரும் தோட்டமாயிற்று என்பது இப்பெயரின் கருத்து.

கோஸ்பாட் குன்றின்மேல்

1950களின் பிற்பகுதியில் இப்பணி, போர்டிக்கு அண்மையிலுள்ள கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கு வாழ்ந்தோர் வார்லி என்னும் பழங்குடி மக்கள். நிலக்கிழார்களிடம் கூலியின்றி உழைக்கும் கொடுமையை எதிர்த்து 1945ஆம் ஆண்டில் கிளர்ந்தெழுந்தவர்கள் அவர்கள். கிளர்ச்சிக்குப் பின்னும் வறுமை அகலவில்லை. சிறுவர் மாடு மேய்த்தனர். சிறுமியர் விறகு பொறுக்கினர். தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்து காத்தனர். இவர்களைப் பள்ளிக்கு அழைப்பது எளிதன்று. ஒருநாள் மாடு மேய்க்காவிடில் அவ்வீட்டின் பிழைப்பே பாதிக்கப்படும்.

ஒவ்வொரு தடைக்கும் தாராபாயும் அனுதாயியும் ஒவ்வொரு வழி கண்டனர்.

தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் சிறுமியர், அவர்களையும் உடன் அழைத்து வரலாம் என்றனர். அதற்காகக் கைக்குழந்தைகள் காப்பகம், மழலையர் பள்ளி, தொடக்கப்பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் அமைத்தனர். அதற்கு ‘விகாஸ்வாடி’ எனப் பெயரிட்டனர். கைக்குழந்தை காப்பகத்தில் உறங்க, தமக்கை அடுத்த அறையில் எழுத்துக் கற்றாள்.

மாடு மேய்க்கும் சிறுவரைத் தேடி ஆசிரியர்கள் மேய்ச்சல் நிலத்திற்கே சென்றனர். அது ‘புல்வெளிப் பள்ளி’ ஆயிற்று. பகல் முழுவதும் உழைப்போருக்கு விளக்கொளியில் இரவுப் பள்ளி நடந்தது. புனேவில் பகலில் பணிசெய்து இரவில் கற்ற ஆசிரியைக்கு, அத்தகைய மாணவரின் சோர்வும் ஆர்வமும் நன்கு விளங்கியிருக்கும்.

கற்பித்துக்கொண்டே கற்றவர்

கோஸ்பாட்டில் பணிகள் நிறைந்திருந்தபோதும் அனுதாயி தம் கல்வியை நிறுத்தவில்லை. 1961ஆம் ஆண்டில், தம் ஐம்பத்தோராம் அகவையில் அவர் இளங்கலைப் பட்டம் பெற்றார். பதின்மூன்றாம் அகவையில் மணவாழ்வின் பொருட்டுத் தடைபட்ட கல்வி, முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் பட்டமாகக் கனிந்தது.

1962ஆம் ஆண்டில் தாராபாய்க்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1973ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஆசானும் தோழியும் ஆகிய ஒருவரை இழந்த அனுதாயி, கோஸ்பாட் பணியின் முழுப்பொறுப்பையும் ஏற்றார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தைக் கல்வி பற்றி மராத்தியில் நூல்கள் எழுதினார். 1984ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. 1992ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் அவர் இயற்கை எய்தினார்.

நாடெங்கும் பரவிய முற்றம்

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை இந்திய அரசு 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சத்துணவு, தடுப்பூசி, உடல்நல ஆய்வு, முன்பருவக் கல்வி ஆகியவற்றை ஓரிடத்தில் வழங்குவது அதன் நோக்கம். அம்மையங்களுக்கு ‘அங்கன்வாடி’ என்னும் பெயரே இடப்பட்டது. போர்டியின் ஒரு முற்றத்தில் வழங்கிய சொல், இன்று நாடு முழுவதும் 13 இலட்சத்திற்கும் மேற்பட்ட மையங்களின் பெயராக விளங்குகிறது. போலாரத்தில் காணும் பலகையும் அவற்றுள் ஒன்றே.

பெயர் பரவிய அளவிற்கு அதன் உட்பொருளும் பரவ வேண்டும். அங்கன்வாடி, உணவு தரும் இடம் மட்டுமன்று. குழந்தை முதன்முதலாக வீட்டிற்கு வெளியே அன்பையும் அறிவையும் பெறும் இடமாகும். அங்குப் பணிசெய்யும் ஆசிரியை, குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் மட்டுமல்லர். அதன் முதல் ஆசான். வகுப்பிற்கு வாராத குழந்தையைக் குறைகூறாமல், அது வாராமைக்குரிய காரணத்தை அறிந்து நீக்குவதே ஆசிரியப் பணியின் தொடக்கம் என்பதை அனுதாயியின் வாழ்வு உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

‘பால்வாடி’ என்னும் சொல்லில் உள்ள ‘பால்’, நாம் அருந்தும் பாலைக் குறிப்பதன்று. ‘பால்’ என்பது மராத்தி, இந்தி முதலிய மொழிகளில் குழந்தையைக் குறிக்கும். எனவே, பால்வாடி என்பது ‘குழந்தைத் தோட்டம்’ எனப் பொருள்படும்.

மரியா மாண்டிசோரி 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார்.

சொல்லும் பொருளும்

அகவை – வயது
கைம்பெண் – கணவனை இழந்தவள்
திங்கள் – மாதம்
கிளிஞ்சல் – கடற்சிப்பியின் ஓடு
நிலக்கிழார் – பெருநிலம் உடையவர்
ஆசான் – ஆசிரியர்

இலக்கணக் குறிப்பு

தாயும் தந்தையும் – எண்ணும்மை
தம்பி தங்கையர் – உம்மைத்தொகை
விட்ட படிப்பு – பெயரெச்சம்
வாராத குழந்தை – எதிர்மறைப் பெயரெச்சம்
கற்றல் – தொழிற்பெயர்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ‘மீசை வைத்த தாய்’ என்று அழைக்கப்பட்டவர் ______.
அ) காந்தியடிகள் ஆ) கிஜுபாய் பதேகா இ) தாராபாய் மோடக் ஈ) மரியா மாண்டிசோரி

2. ‘அங்கன்’ என்னும் சொல்லின் பொருள் ______.
அ) தோட்டம் ஆ) குன்று இ) முற்றம் ஈ) குழந்தை

3. ‘ஐம்பத்தோராம்’ என்னும் சொல்லைப் பிரித்து எழுதக் கிடைப்பது ______.
அ) ஐம்பது + ஓராம் ஆ) ஐம்பத்து + ராம் இ) ஐம் + பத்தோராம் ஈ) ஐம்பதோ + ராம்

ஆ. குறுவினா

1. ‘அங்கன்வாடி’ என்னும் பெயரின் கருத்து யாது?
2. போர்டியில் விலைமிகு கருவிகளுக்கு ஈடாகப் பயன்பட்ட பொருள்கள் யாவை?
3. விகாஸ்வாடி வளாகத்தில் அமைந்த மூன்று பிரிவுகள் யாவை?

இ. சிறுவினா

1. வறிய குடியிருப்புகளின் குழந்தைகள் பள்ளிக்கு வாராமைக்குரிய காரணங்களை எழுதுக.
2. புல்வெளிப் பள்ளியும் இரவுப் பள்ளியும் ஏன் தேவைப்பட்டன?

ஈ. நெடுவினா

அனுதாயி வாக் அம்மையாரின் வாழ்க்கை நிகழ்வுகள், அவரது கல்விப் பணியை எவ்வாறு உருவாக்கின என்பதை விளக்குக.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவிற்கு அருகிலுள்ள அங்கன்வாடிக்கு ஆசிரியரின் துணையுடன் சென்று வருக. அங்குக் குழந்தைகள் பாடும் பாடல் ஒன்றைக் கேட்டு, அதன் கருத்தைத் தமிழில் எழுதுக.
2. கூழாங்கல், இலை, விதை ஆகியவற்றைக் கொண்டு ஐந்து வயதுக் குழந்தைக்கு எண்ணக் கற்பிக்கும் விளையாட்டு ஒன்றை உருவாக்கி, வகுப்பில் செய்து காட்டுக.
3. உங்களுக்கு முதன்முதலாக எழுத்தறிவித்தவரைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.