தொழில் முனைவோரை ஆராய்ந்தோர்

ஒரு நாட்டில் புதிய தொழில்கள் தோன்றுதற்குப் பணமும் மூலப்பொருளும் மட்டும் போதா. அவற்றை ஒன்றுகூட்டி, ஆதாயம் வருமோ இழப்பு வருமோ என்று தெளியாத நிலையிலும் துணிந்து இறங்கும் மாந்தரும் வேண்டும். இத்தகையோரைத் தொழில் முனைவோர் என்பர். இவர்கள் யாவர்? ஒரு குறிப்பிட்ட குலத்திலோ சமயத்திலோ பிறந்தவர்க்கே இத்துணிவு வாய்க்குமா? "அதெல்லாம் நம் குலத்துக்கு ஒவ்வாது" என்று திண்ணையில் அமர்ந்து தீர்ப்புக் கூறிய பெரியவர்கள் நம் நாட்டில் பலர். அச்சொல்லைக் கேட்டுத் தம் எண்ணத்தை முளையிலேயே கைவிட்ட இளைஞரும் பலர். இவ்வினா திண்ணையோடு நில்லாது, பல்கலைக்கழகங்களிலும் எழுந்தது.

செருமானிய அறிஞர் மாக்ஸ் வேபர் 1904, 1905 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், மேலை நாடுகளில் முதலாளித் தொழில்முறை வளர்வதற்குச் சீர்திருத்தக் கிறித்தவரின் ஒழுக்க நெறி உற்ற துணையாயிற்று என்றார். பின்னர் இந்தியச் சமயங்களைப் பற்றி எழுதியபோது, சாதிக் கட்டும், வினைப்பயன், மறுபிறப்பு ஆகியவை பற்றிய நம்பிக்கையும் இந்நாட்டில் அத்தகைய தொழில்முறை தானே தோன்றுவதற்குத் தடையாயின என்று முடிவு கட்டினார். நூல்களை ஆழ்ந்து கற்ற பேரறிஞர் அவர். ஆயினும் இந்தியாவுக்கு ஒரு முறையேனும் வந்தவரல்லர்.

வந்து கேட்டவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் பெர்னா. இவர் அக்காலச் சென்னை இராச்சியத்தில் நடுத்தர அளவில் எந்திரத் தொழில் நடத்திய 52 நிறுவனங்களைத் தேர்ந்து, அவற்றைத் தொடங்கியவர்களின் வரலாற்றை ஆராய்ந்தார். அவர்தம் குலம் யாது, முன்பு என்ன தொழில் செய்தனர், முதலீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எந்திர நுட்பத்தை எவ்வாறு கற்றனர் என்பன அவர் துருவிய செய்திகள். ஆராய்ச்சியின் பயன் 1960 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

அந்நூல் காட்டிய உண்மை பலரை வியப்பில் ஆழ்த்தத் தக்கது. அந்நிறுவனங்களைத் தொடங்கியவர்கள் ஒரே குலத்தாரல்லர். பல குலங்களிலிருந்தும் பல தொழில்களிலிருந்தும் வந்தவர்கள். வாணிகத்தோடு தொடர்பற்ற மரபினரும் அவர்களுள் இருந்தனர். சாதி, மரபுத் தொழிலின் மீதுள்ள பற்று, சுற்றத்தாரின் ஒப்புதல் ஆகியவற்றைவிட, முதல் கிடைக்கும் வாய்ப்பும், தொழிலில் பெற்ற பட்டறிவும், நுட்ப அறிவுமே பெரிதும் பயன்பட்டன என்று பெர்னா துணிந்தார்.

இம்முடிவை அப்படியே விழுங்கிவிடுதலும் ஆகாது. நிலைபெற்ற தொழில்களை நடத்துவோரிடம் கேட்டால், தொடங்கித் தோற்றவர் கதை செவிக்கு எட்டாது. தொடங்கவே இயலாதவர் கதை அதனினும் எட்டாது. முதல்தான் இன்றியமையாதது என்றால், அம்முதல் யார் கையில் இருந்தது என்னும் கேள்வி உடனே எழும். தலைமுறை தலைமுறையாக நிலமும் கல்வியும் மறுக்கப்பட்டோர்க்குக் கடன் கொடுக்க யார் முன்வந்தனர்? முன்வாயிலில் வெளியேற்றிய சாதி, கொல்லைப்புற வழியே மீண்டும் உள்ளே நுழைவதை இங்குக் காணலாம்.

எனினும், பட்டறிவும் நுட்ப அறிவும் பற்றிப் பெர்னா கூறியதற்கு அவருடைய பட்டியலுக்கு வெளியிலும் சான்று உண்டு. அந்தணர் குலத்தில் தோன்றிய காசிநாதுனி நாகேசுவர ராவ் கல்கத்தாவில் மருந்துத் தொழிலைப் பழகி, 1893 ஆம் ஆண்டில் பம்பாயில் அமிருதாஞ்சன் என்னும் வலிநீக்கும் தைலத்தை விற்கத் தொடங்கினார். பின்னர் அத்தொழில் சென்னைக்கு வந்து, மயிலாப்பூர் லஸ் பகுதியில் வேரூன்றியது; 1936 இல் அது பொதுப் பங்கு நிறுவனமாயிற்று. நல்லி சின்னசாமி செட்டியாரோ காஞ்சிபுரத்து நெசவு மரபினர். தியாகராய நகர் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த புறநகர். 1928 இல் அங்கே பட்டுக்கடை வைத்தார். ஒருவர் குலத்தொழிலை விட்டு விலகி வென்றார். மற்றவர் குலத்தொழிலைப் புதிய இடத்துக்குக் கொணர்ந்து வென்றார்.

சமயம் தடையா என்னும் வினாவுக்கு விடை தேடியவர் சிகாகோப் பல்கலைக்கழகத்து மானிடவியலறிஞர் மில்டன் சிங்கர். இவர் சென்னைக்கு வந்தது முதலில் தொழிலதிபரைக் காண்பதற்கன்று. நகரில் நடந்த இராதாகிருஷ்ண பஜனைகளையும் சமயச் சடங்குகளையும் ஆராயவே வந்தார். பின்னர் 1964 இல் சென்னையின் தொழில் தலைவர்கள் 19 பேரைக் கண்டு பேசினார். பாட்டன், தந்தை, மகன் எனத் தலைமுறைதோறும் தொழில் எவ்வாறு மாறியது என்று கேட்டறிந்தார்.

வீட்டிலே ஆசாரம் காத்தவர்கள் தொழிற்சாலையில் பல சாதியாரோடும் கலந்து பணிபுரிந்தனர். அதனால் அவர்கள் உள்ளம் பிளவுபடவில்லை. வீடு ஒரு களம், ஆலை மற்றொரு களம் என்று அவர்கள் வகுத்துக்கொண்டதைச் சிங்கர் குறித்தார். அலுவல் மிகுந்தபோது அவர்கள் சடங்கின் நேரத்தைச் சுருக்கினர். தமக்காக மனைவியரோ புரோகிதரோ செய்யுமாறு விடுத்தனர். வினைப்பயன் என்னும் கொள்கை தம் முயற்சியைக் குலைத்ததாக அவர்கள் கருதவில்லை. கூட்டுக் குடும்பமும் அழிந்துபடாமல், தொழிலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டிருந்தது. 1972 இல் வெளிவந்த தம் நூலில் சிங்கர் இவற்றையெல்லாம் விரித்துரைத்து, வேபரின் கருத்தை மறுத்தார். ஆயுத பூசையன்று கடைசல் எந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மறுநாள் அதே எந்திரத்தில் வேலையைத் தொடரும் பட்டறைகளைக் கண்டவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

துணிவைக் கற்பிக்கவும் கூடுமோ? அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் மக்கிளெல்லண்ட் இதனைச் சோதித்தே பார்த்தார். 1960களில் ஆந்திரத்துக் காக்கிநாடாவைச் சேர்ந்த வணிகர்களுக்கு ஐதராபாத்தில் சில நாட்கள் பயிற்சி அளிக்கப்பட்டது. பின்னர் ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்றோர் பெறாதோரைவிட மிகுந்த ஊக்கத்துடன் தம் தொழிலை விரிவாக்கியிருந்தனர்.

பெர்னா சுட்டிய முதலும் நுட்பமும் அடையாற்றின் தெற்கே ஒன்று கூடலாயின. 1958 இல் கிண்டியில் தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. கொட்டகை கட்ட வசதியற்ற சிறு தொழிலாளர்க்கு அரசே கொட்டகை அமைத்துத் தந்தது. அதனை அடுத்து, 1959 இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தோன்றியது. 2010 இல் அக்கழகத்தின் ஆராய்ச்சிப் பூங்கா தரமணியில் செயற்படத் தொடங்க, ஆசிரியரின் ஆய்வும் தொழில் நிறுவனங்களின் தேவையும் ஒரே வளாகத்தில் சந்தித்தன. 2013 இல், புதிய நிறுவனங்களைத் தொடக்க நிலையில் பேணி வளர்க்கும் தனி அமைப்பும் அங்கு ஏற்பட்டது.

அங்கு வளர்ந்தவற்றுள் ஒன்று, 2017 இல் தொடங்கிய அக்னிகுல் என்னும் ஏவுகலன் நிறுவனம். கழகத்தின் எரிதல் ஆராய்ச்சி மையத்து அறிவும் கருவிகளும் அதற்குத் துணைநின்றன. முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக ஆக்கப்பட்ட பொறியுடன் அதன் சோதனைக் கலன் ஸ்ரீஹரிகோட்டாவில் காத்திருந்தது. நாள் குறிக்கப்பட்டுப் பன்முறை இறுதி வேளையில் நிறுத்தப்பட்ட அக்கலன், 2024 மே 30 ஆம் நாள் காலையில் மேலெழுந்தது.