விசைகளும் விரல்களும்

தென்காசிக்கு அருகில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மத்தளம்பாறை என்னும் சிற்றூர் உள்ளது. சோகோ என்னும் மென்பொருள் நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் அங்கே ஓர் அலுவலகத்தைத் தொடங்கிற்று. குற்றாலச் சாரல் எட்டும் அவ்வூரில் இளைஞர் பலர் இன்று கணினியின்முன் அமர்ந்து தொழில் புரிகின்றனர். பள்ளிகளிலும் கணினி புகுந்துவிட்டது. ஆயினும், அதன் விசைகளை நம் கைக்கேற்ப மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்பதைப் பலர் அறியார்.

ஒரு விசையை அழுத்தினால் ஓர் எழுத்துத் தோன்றும். கண்ட்ரோல், ஆல்ட் முதலிய விசைகளோடு சேர்த்து அழுத்தினால் எழுத்துக்கு மாறாக ஒரு செயல் நிகழும். இதனைக் குறுக்குவிசை என்பர்.

இவ்விசைகளை ஆராய்ந்து அமைத்தவர்கள் மனிதர்களே. 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். கணினியை உருவாக்கியவருள் டேவிட் பிராட்லி என்பவர் ஒருவர். கணினியை மீண்டும் தொடங்குவதற்குக் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளை அவர் முதலில் தேர்ந்தார். அவை மூன்றும் இடப்பக்கத்திலேயே இருந்தமையால், கை தவறிப் பட்டாலும் கணினி நின்று மீண்டும் தொடங்கும். செய்த வேலையெல்லாம் அழியும். ஆதலின் எஸ்கேப் விசையை விடுத்து, வலப்பக்கத்திலுள்ள டெலீட் விசையைச் சேர்த்தார். அதன்பின் இரு கைகளின்றி அச்செயல் நிகழாதாயிற்று. ஆக்கியவரே மாற்றிய ஒன்றை நாம் மாற்றுதல் எங்ஙனம் தவறாகும்?

தமிழில் எழுதுவோர்க்கு இத்தேவை மிகுதி. 1999-ஆம் ஆண்டில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணையம் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்99 என்னும் விசைப்பலகை முறை தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்த முறை அது. 'குற்றாலம்' என எழுத க, உ, ற, ற, ஆ, ல, ம, ஃ என எட்டு விசைகள் போதும். றகரம் இரட்டித்தவுடன் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். ஈற்று மகரத்திற்கு மட்டும் ஃ விசையால் புள்ளியிடுகிறோம். 'ஐந்தருவி' என்பதில் ந, த என்னும் இரண்டும் அடுத்து வருதலின், நகரம் தானே புள்ளி பெறும்.

இனி, மாணவர் ஒருவர் குற்றால மலையின் மூலிகைகளைப் பற்றிக் கட்டுரை எழுதுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு செடிக்கும் தமிழ்ப்பெயரை அடுத்து, உரோமன் எழுத்தில் தாவரவியற் பெயரும் வேண்டும். இருபது செடிகளுக்கு நாற்பது முறை மொழி மாற்ற வேண்டும். அத்தனை முறையும் சுட்டியைத் தேடிக் கை சென்றால், தமிழ்99 மிச்சப்படுத்திய காலம் எங்கே போகும்?

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்த, அடுத்த விசைப்பலகை வரும். மூன்று நான்கு நிறுவப்பட்டிருந்தால் ஒவ்வொன்றாகக் கடந்து செல்ல நேரும். மொழி உள்ளீட்டு அமைப்பிற்குச் சென்று, கண்ட்ரோல், ஷிப்ட் இவற்றோடு 1 என்பதைத் தமிழுக்கும், 2 என்பதை ஆங்கிலத்திற்கும் உரிமையாக்கிவிட்டால், நினைத்த மொழி நேரே வரும்.

எழுதும் செயலியிலும் இவ்வாறே செய்யலாம். சொல்லின்மேல் கோடிட்டு அடிப்பதற்கு வேர்டு செயலியில் குறுக்குவிசை இல்லை. அதன் விருப்பப் பகுதியிலுள்ள விசைப் பெட்டியைத் திறந்து, அக்கட்டளையைத் தெரிந்து, வேண்டிய விசைகளை அழுத்த வேண்டும். அவை முன்னரே வேறு செயலுக்கு உரியனவாயின், அச்செயலின் பெயர் அங்கே தோன்றும். அதைப் பாராமல் உறுதி செய்தல் ஆகாது. நாள்தோறும் பயன்படும் நான்கைந்தை மாற்றினால் போதும். ஐம்பதை மாற்றினால் நினைவில் நில்லா.

பள்ளிக் கணினி பலருக்குப் பொது. ஒருவர் மாற்றிய விசை, அடுத்து அமர்பவரின் கட்டுரையைக் குலைக்கக்கூடும். ஆகவே, மாற்றத்தை எங்கே சேமிப்பது என அப்பெட்டி வினவும் இடத்தில், பொது வார்ப்புருவை விடுத்துத் தம் கோப்பையே தெரிந்தெடுக்க வேண்டும். அப்போது அம்மாற்றம் அக்கோப்பினுள் மட்டும் செல்லும். செய்த மாற்றங்களை நீக்கிப் பழைய அமைப்பை மீட்கும் பொத்தானும் அதே பெட்டியில் இருக்கிறது.