லேசர் கண் சிகிச்சையும் நம் தொழுகையும்



திருச்சி கைலாசபுரத்தில், பெல் குடியிருப்பில் வாழும் ஒரு தாயார் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மகளுக்கு இரு கண்ணிலும் மைனஸ் ஐந்து பவர். நிக்காஹ் பேச்சு நடக்கிறது. லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியை விட்டுவிடலாம் என்கிறார் தகப்பனார். பெண்ணோ, "பல நாள் முகத்தில் தண்ணீர் படக்கூடாதாமே அம்மா! தொழுகையை விட்டுவிட்டு எனக்கு அந்தக் கண் வேண்டாம்" என்கிறாளாம். அந்தப் பெண்ணின் ஈமானுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆனால் தொழுகையை விடவும் வேண்டாம். தொழுகைக்காகச் சிகிச்சைக்கு அஞ்சவும் வேண்டாம். எப்படி என்பதை இங்குக் காண்போம்.

சிகிச்சை என்பது என்ன?

கருவிழியின் முன்னே கண்ணாடிபோல் அமைந்த மெல்லிய படலம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமுடையது. அதன் வளைவைத் திருத்தினால் ஒளி விழித்திரையில் சரியாகக் குவியும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி ஸ்ரீனிவாசன் என்ற விஞ்ஞானியும் அவருடைய இரு சகாக்களும் 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். எக்ஸைமர் லேசர் ஒளி, அக்கம்பக்கத்தைச் சுடாமல் உயிர்த்தசையை மிக நுட்பமாகச் செதுக்குகிறது என்பதே அது. அவர்கள் முதலில் சோதித்தது வான்கோழியின் குருத்தெலும்பில்தான்! அதுவே பின்னாளில் கண் சிகிச்சையாயிற்று.

முறைகள் மூன்று. முதலாவது பி.ஆர்.கே.: மேல்தோலை நீக்கி லேசர் செலுத்துவார்கள். இரண்டு மூன்று நாள் வலி இருக்கும். தோல் வளரும்வரை சில நாட்கள் காப்பு லென்ஸ் வைப்பார்கள். பார்வை தெளியச் சில வாரமாகும். இரண்டாவது லேசிக்: மேற்படலத்தை மூடிபோல் திறந்து, உள்ளே லேசர் செலுத்தி, மீண்டும் மூடுவார்கள். பெரும்பாலோருக்கு மறுநாளே பார்வை தெளியும். ஆயினும் கண்ணைக் கசக்கினால் மூடி நகரும் ஆபத்துண்டு. மூன்றாவது ஸ்மைல்: சிறு துளை வழியே உள்ளிருந்து ஒரு மெல்லிய துண்டை எடுப்பது. எது பொருந்தும் என்பதைப் படலத்தின் கனத்தை அளந்து பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

பதினெட்டு வயது நிரம்பாதவர், ஓராண்டாகப் பவர் நிலைக்காதவர், கருவுற்றவர், பாலூட்டுபவர், படலம் மெலிந்து கூம்பியவர் ஆகியோருக்கு இது ஏற்றதன்று. நாற்பது வயதுக்குப் பின் படிக்கும் கண்ணாடி எப்படியும் தேவைப்படலாம்.

குணமாகும் நாட்கள்

சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவதால் வலி தெரியாது. லேசிக் செய்துகொண்டால் அதன்பின் நாலைந்து மணி நேரம் எரிச்சலும் நீர்வடிதலும் இருக்கும். உறங்கி எழுந்தால் தணியும். சில வாரம் முதல் சில மாதம் வரை கண் வறட்சியும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் தோன்றலாம். கசக்கக்கூடாது, உறங்கும்போது கண்ணுக்குக் காப்பு மூடி போட வேண்டும், ஆற்றிலும் குளத்திலும் முழுகக்கூடாது. சுர்மாவையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை நிறுத்த வேண்டும். வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

ஒளுவும் தொழுகையும்

நாம் அறிந்த ஒரு சகோதரர் சிகிச்சையின் மூன்றாம் நாள், பேணுதல் என்றெண்ணிக் கண்ணைத் திறந்து தண்ணீர் அடித்து ஒளுச் செய்தார். கண் சிவந்து, வாரக்கணக்கில் துன்புற்றார். கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது ஒளுவில் கடமையே அல்ல என்பதை அவர் அறிந்திருக்கவில்லை!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் பயணத்தில் தலை காயப்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. உடனிருந்தோர் அவருக்குச் சலுகை இல்லை என்றனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபியவர்கள் கடுமையாக வருந்தி, அறியாமைக்கு மருந்து கேட்டறிதலே என்ற பொருள்பட உரைத்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் காணக்கிடைக்கிறது.

ஆகவே தண்ணீர் தடுக்கப்பட்ட நாட்களில் கன்னம், தாடை போன்ற கழுவ இயன்ற இடங்களைக் கழுவுக. ஹனபி மத்ஹபில் எஞ்சிய இடத்தை ஈரக்கையால் மஸ்ஹுச் செய்தல் போதும். அதுவும் தீங்கானால் விட்டுவிடலாம். ஷாபி மத்ஹபில் கழுவாமல் விட்ட பகுதிக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். அப்போது தூசி கண்ணில் படலாகாது. இதன் நுணுக்கங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் தொழுகை கடமையில்லாத நாட்களின் தொடக்கத்தில் சிகிச்சைக்கு நாள் குறித்தால் முதல் சில நாட்களின் சிரமம் தானே நீங்கும். பின்னர்க் குளிக்கும்போது தலையைப் பின்னே சாய்த்து, வேறொருவர் உதவியுடன் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.

ஸுஜூதில் கண் விரிப்பில் உரசாமல், தூய விரிப்பில் நெற்றியை மெல்ல வைக்க வேண்டும். மருத்துவர் குனியவே கூடாது என்றால் உட்கார்ந்து சைகையால் தொழலாம். கண்நோயுற்றவர் நின்று தொழும் வலிமை பெற்றிருந்தும், படுத்துத் தொழுதால்தான் சிகிச்சை இயலும், இல்லையேல் பார்வை போகும் என்று நம்பகமான மருத்துவர் கூறினால், அவர் படுத்தே தொழலாம் என்பதைச் சரியான கருத்தாக இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த மேதை கண்ணின் அருமையை எவ்வளவு உணர்ந்திருந்தார்கள்!

நோன்பு நாட்களில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதால் ஷாபி, ஹனபி மத்ஹபுகளில் நோன்பு முறியாது. தொண்டையில் கசப்புத் தெரிந்தாலும் சரியே.

இனி அந்தத் தாயாருக்கு ஒரு சொல். பார்வைக் குறையைச் சீர்செய்வது மருத்துவம், அதில் தடையில்லை. ஆனால் கண்ணாடி அணிவது குற்றமுமன்று, குறையுமன்று. மாப்பிள்ளை வீட்டார் சொல்லுக்காக மட்டும் மகளை அனுப்பாதீர்கள். மகளே விரும்பி, மருத்துவரும் ஏற்றதென்று சொன்னால் அனுப்புங்கள். கண்ணைப் பற்றி மருத்துவரிடமும், ஒளுவைப் பற்றி ஆலிமிடமும் முதலிலேயே கேட்டுக்கொண்டால், ஒரு வேளைத் தொழுகையும் தவறாது, இன்ஷா அல்லாஹ்.

நம் அனைவரின் பார்வையையும் ஈமானையும் அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.