255-க்குப் பின் என்ன?

கணினி என்றவுடன் திரையும் விசைப்பலகையும் நம் மனக்கண் முன் தோன்றும். ஆனால் அவை ஏதுமின்றி, நாம் அறியாமலே நமக்காக உழைக்கும் கணினிகளும் உண்டு. துணி துவைக்கும் இயந்திரத்தில் நீர் நிறைந்ததும் அதை நிறுத்துவது யார்? நேரம் முடிந்ததும் ஒலி எழுப்புவது யார்? மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சின்னஞ்சிறு சில்லே!

இவ்வகையில் பெரும் புகழ் பெற்றது 8051. அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் இதனை 1980-ஆம் ஆண்டு வெளியிட்டது. கணக்கிடும் பகுதி, நிரலை வைத்திருக்கும் 4 கிலோபைட் நினைவகம், வேலை செய்யும்போது பயன்படும் 128 பைட் நினைவகம், 2 டைமர்கள், வெளிக்கருவிகளோடு இணைக்க 32 வழிகள் ஆகிய அனைத்தும் ஒரே சில்லில் அடங்கியுள்ளன. இன்டெல் இதன் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும், இதே கட்டளைகளை ஏற்கும் சில்லுகளை வேறு நிறுவனங்கள் இன்றும் தயாரிக்கின்றன.

இது எட்டு பிட் சில்லு ஆகும். ஒரு பிட் என்பது 0 அல்லது 1. எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். அதில் 0 முதல் 255 வரையுள்ள எண்களை எழுதலாம். நீர்மட்டத்தையும் வெப்பத்தையும் கவனிக்க இதுவே பெரும்பாலும் போதும்.

255-உடன் 1 சேர்ந்தால் என்னவாகும்? 9999-ஐ அடைந்த தூரமானி 0000-க்குத் திரும்புவது போல, பைட்டும் பூச்சியமாகிவிடும். 8051-இல் கூட்டல் கட்டளை இதனை ஓர் அடையாள பிட்டின் மூலம் தெரிவிக்கும். ஆனால் ஒன்றை மட்டும் ஏற்றும் கட்டளையோ அதைக்கூடத் தெரிவிக்காது.

இது சிறிய விஷயமா, தோழியரே? கனடாவில் தயாரான தெராக்-25 என்னும் புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்கியது 8051 அன்று; அதைவிடப் பெரிய கணினி. எனினும் அதன் நிரலில் ஓர் எண் ஒரே பைட்டில் வைக்கப்பட்டிருந்தது. அந்த எண் பூச்சியமாக இல்லாவிட்டால் மட்டுமே பாதுகாப்புச் சோதனை நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதனுடன் 1 கூட்டப்பட்டதால், 256 சுற்றுகளுக்கு ஒருமுறை அது பூச்சியமாயிற்று. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் யாக்கிமா நகரில், சரியாக அந்தக் கணத்தில் பொத்தான் அழுத்தப்பட்டது. சோதனை நடைபெறவில்லை. அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளான நோயாளி, அதன் விளைவுகளால் ஏப்ரலில் உயிரிழந்தார். இப்பிழையைத் திருத்த, 1 கூட்டுவதற்குப் பதிலாகப் பூச்சியமல்லாத ஒரு நிலையான எண்ணை வைத்தால் போதுமானதாக இருந்தது!

சில்லு நாம் சொன்னதைச் செய்யும். நாம் நினைத்ததைச் செய்யாது. அதற்கு அறிவும் இல்லை, இரக்கமும் இல்லை. அவ்விரண்டும் நிரல் எழுதுபவரிடம் இருக்க வேண்டும். நாளை நம்மில் பலர் அப்பணிக்குச் செல்லக்கூடும். அப்போது ஒவ்வொரு பைட்டையும் பார்த்து, "255-க்குப் பின் என்ன?" என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரையே காக்கலாம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு