ஜேடு செடியைக் குறுமரமாக வளர்க்கும் முறை

நகரங்களில் மாடியிலும் வீட்டு முகப்பிலும் வைப்பதற்காகக் குறுமரங்களை விலை கொடுத்து வாங்குவோர் உண்டு. ஜப்பானியர் ‘போன்சாய்’ என்று அழைக்கும் இக்கலை, பெரிய மரத்தின் தோற்றத்தை ஒரு தட்டுத் தொட்டிக்குள் கொண்டு வருவதாகும். ஆல், அரசு, புளி போன்றவற்றை இவ்வாறு உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஜேடு செடியோ சதைப்பற்றான தண்டு உடையது. வெட்டிய இடத்தில் விரைவில் துளிர்க்கும். மூன்று, நான்கு ஆண்டுகளில் மரத்தின் சாயல் வந்துவிடும். ஒரு சென்ட் இடமும் நாள்தோறும் அரை மணி நேரமும் ஒதுக்கக்கூடிய சிறு விவசாயி இதை உபதொழிலாகச் செய்யலாம். ஆனால் தாய்ச்செடி வாங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜேடு என்ற ஒரே பெயரில் இரண்டு செடிகள் விற்கப்படுகின்றன. ஒன்று கிராசுலா ஓவேட்டா. இதன் இலை பெரியது, தடித்தது. தண்டு சாம்பல் கலந்த பச்சை நிறம். மற்றொன்று போர்ட்டுலகேரியா ஆஃப்ரா. இதன் இலை பருப்புக்கீரை இலையைப் போன்று ஒன்று முதல் இரண்டு செ.மீ. அளவே இருக்கும், இளந்தண்டு செம்பழுப்பு நிறம். இரண்டும் தென் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டவையே. முதலாவது நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் நன்கு வரும். சமவெளியின் புழுக்கத்தில் எளிதில் அழுகும். சமவெளி விவசாயிகளுக்கு இரண்டாவதே ஏற்றது. இலை சிறியதாதலால் குறுமரத்தின் அளவுக்கும் அதுவே பொருந்தும்.

யானை கற்றுத்தரும் கவ்வாத்து

தென் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் இச்செடி ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்து புதர்க்காடாக நிற்கிறது. அங்கு இதற்கு ஸ்பெக்பூம் என்று பெயர். யானைகள் இதை விரும்பித் தின்னும். யானை மேலிருந்து ஒடித்துத் தின்பதால் அடிக்கிளைகள் தப்பித்துத் தரையில் படிந்து வேர் விடுகின்றன. கீழே சிந்திய துண்டுகளும் வேர் பிடிக்கின்றன. வெள்ளாடுகளை அளவுக்கு மீறி மேய்த்த இடங்களிலோ, அவை அடிக்கிளைகளையே மேய்ந்துவிட்டதால் புதர்கள் பட்டுப்போய்ப் பெரும் பரப்பு பொட்டலாகிவிட்டது. அந்நிலத்தை மீட்க இப்பொழுது போத்துகளை நேரடியாக மண்ணில் ஊன்றி வருகிறார்கள்.

குறுமரம் வளர்ப்பவர் பின்பற்ற வேண்டியது யானையின் முறையை. முதல் இரண்டு ஆண்டுகளில் நுனியை மட்டும் வெட்டி, அடிக்கிளைகளை விட்டு வைக்க வேண்டும். அடிக்கிளை இருந்தால்தான் அடிமரம் திரளும். தொடக்கத்திலேயே அடியை உருவிவிட்டு நுனியில் குடை போல விடுபவர்களுக்குக் கிடைப்பது மரமல்ல, குச்சியில் செருகிய கொத்து.

இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். ஒரு கணுவுக்கு அரை செ.மீ. மேலே வெட்டினால், மீதித் தண்டு கணு வரை காய்ந்து உதிரும். இலைக்கக்கங்களிலிருந்து இரு துளிர்கள் கிளம்பும். அவை நான்கைந்து ஜோடி இலை விட்டதும் இரண்டு ஜோடியை நிறுத்தி மீண்டும் வெட்ட வேண்டும். ஒரு கிளை இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிவது இப்படித்தான். எந்தத் திசையில் கிளை வேண்டாமோ அந்தத் துளிரைத் தொடக்கத்திலேயே கிள்ளிவிட்டால் கம்பி கட்டும் வேலை பாதி குறையும். கம்பி கட்டுவதானால் அலுமினியக் கம்பியே நல்லது. கட்டுவதற்குச் சில நாட்கள் முன்பே தண்ணீரை நிறுத்தினால் தண்டு சற்றுத் துவண்டு, ஒடியாமல் வளையும். தண்டு மென்மையானது, வாரந்தோறும் பார்த்து, கம்பி பட்டையில் பதியத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும்.

போத்தும் மண்ணும்

முருங்கைப் போத்தை வெட்டி, நிழலில் ஆறவிட்டு நடுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பென்சில் முதல் கட்டைவிரல் பருமன் வரையுள்ள தண்டுகளை 10 முதல் 15 செ.மீ. நீளத்திற்கு வெட்டி, அடி இலைகளை நீக்கி, வெட்டுவாய் காய்ந்து தோல் மூடும் வரை ஒரு வாரம் நிழலில் வைக்க வேண்டும். பிறகு 4 செ.மீ. ஆழத்தில் ஊன்றலாம். ஊன்றியவுடன் தண்ணீர் விடக்கூடாது. ஒரு வாரம் சென்ற பின் லேசாகத் தெளித்தால் போதும். மூன்று, நான்கு வாரங்களில் வேர் பிடித்து நுனியில் புது இலை தோன்றும்.

கழுவிய பருமணல் இரண்டு பங்கு, சலித்த செங்கல் பொடிச்சல்லி ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளலாம். மாவு போன்ற தூளைச் சலித்து நீக்குவது அவசியம். வயலின் களிமண்ணைச் சேர்க்கவே கூடாது. தொட்டியின் அடியில் துளை இருக்க வேண்டும்.

தண்ணீர்

இச்செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் அல்ல, தண்ணீர் மிகுந்து. கத்தரிக்கும் தக்காளிக்கும் நீர் பாய்ச்சிப் பழகிய கை, மேல்மண் காய்ந்ததும் பூவாளியைத் தேடும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, அங்கும் ஈரம் இல்லையென்றால் மட்டுமே துளை வழியே வடியும்படி ஊற்ற வேண்டும். இலை சுருங்கினால் செடிக்குத் தாகம், ஊற்றினால் தேறிவிடும். இலை மஞ்சளாகி, தொட்டதும் உதிர்ந்து, அடித்தண்டு மெத்தென்று இருந்தால் வேர் அழுகிவிட்டது. அந்நிலையில் செடியைக் காப்பாற்ற முயல்வதைவிட, மேலே உறுதியான தண்டை வெட்டிப் புதுப் போத்தாக்குவதே வழி. வெட்டுவாயில் பழுப்பு நிறம் தெரிந்தால் அது மறையும் வரை மேலே மேலே வெட்ட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்த வெளியில் விடப்பட்ட தொட்டிகள் பல நாள் ஈரத்திலேயே நின்று அழுகிவிடக்கூடும். இரண்டு ஆண்டு உழைப்பு ஒரே மழையில் போகாதிருக்க, பாலித்தீன் கூரை ஒன்று முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது. மற்றக் காலங்களில் வெயில் நன்றாகப் பட வேண்டும். நிழலில் கணுக்களுக்கிடையே தண்டு நீண்டு உருவம் கெடும்.

தட்டுத் தொட்டிக்கு மாற்ற மாசி, பங்குனி ஏற்ற காலம். வேரைக் கழித்து மாற்றிய பின், மற்றக் குறுமரங்களுக்குச் செய்வது போல உடனே நீர் விடாமல், ஒரு வாரம் உலரவிட வேண்டும். மாவுப்பூச்சி தென்பட்டால் சோப்பு நீரில் நனைத்த தூரிகையால் துடைத்தாலே போதும்.

ஆயிரம் தொட்டிகளுடன் தொடங்க வேண்டியதில்லை. நான்கைந்து தாய்ச்செடிகள் வாங்கி, ஓராண்டு போத்து எடுத்துப் பழகி, வேர் பிடித்த கன்றுகளை அருகிலுள்ள நர்சரிகள் என்ன விலைக்கு எடுக்கும் என்று நேரில் கேட்டறிந்த பின் பெருக்குவதே சரி. கன்றுகளை விற்றுச் செலவை ஈடுகட்டி, அடி பருத்த பத்தில் ஒன்றை மட்டும் குறுமரத்திற்கு ஒதுக்கலாம். முழுவதையும் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

கவ்வாத்தில் விழும் சிறு நுனிகளை ஆடுகளுக்குப் போடலாம், தின்னும். மருந்து தெளித்த தழையையும், பெரிய இலை ஜேடான கிராசுலாவையும் போடக்கூடாது. ருசி கண்ட ஆடு தொட்டிகளைத் தேடி வருமாதலால், வேலி போட்ட பிறகே இதைத் தொடங்குவது நல்லது.