கமக்காரரும் மூக்கு நோய்களும்

தை முதல் பங்குனி வரை, பெரும்போக நெல் அறுவடையாகும் காலத்தில், கமக்காரர் பலருக்கு மூக்கடைப்பும் தும்மலும் உண்டாகின்றன. இவற்றை எல்லாம் தடிமன் என்ற ஒரே பெயரால் அழைத்து, சில நாளிற் சுகமாகிவிடும் என்று விட்டுவிடுவது வழக்கம். ஆனால் தடிமனைப் போலத் தோன்றும் நோய்கள் பல உண்டு. சில தாமே மாறும். சில போகந்தோறும் திரும்பி வரும். ஒன்று சத்திரசிகிச்சையின்றி மாறாது. மற்றொன்று சில மணி நேரத்தில் உயிரையே போக்கவல்லது. ஆகவே இவற்றைப் பகுத்தறிதல் கமஞ் செய்வோர் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

மூக்கின் தொழில்

நாம் உள்ளிழுக்கும் காற்றைச் சுத்தஞ் செய்து, சூடாக்கி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புவது மூக்கே. அதன் துவாரங்களிலுள்ள மயிர்கள் பருந்தூசியைத் தடுக்கின்றன. உட்புறத்தை மூடியுள்ள சீதமென்சவ்வு நுண்டூசியைச் சளியில் ஒட்டவைத்து வெளியேற்றுகின்றது. இம்மென்சவ்வு வீங்கினால் மூக்கடைப்பும், மிகையாகச் சுரந்தால் நீர்வடிதலும் ஏற்படும்.

1. சாதாரண தடிமன்

இது வைரசுக்களால் உண்டாவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானே மாறும். ஓய்வும் நீராகாரமும் போதுமானவை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வைரசைக் கொல்லமாட்டா; ஆதலால் அவற்றைத் தாமாக வாங்கி உட்கொள்ளுதல் வீண். 10 நாட்களுக்கு மேலும் தடித்த சளியும், கன்னத்திலோ நெற்றியிலோ நோவும் இருப்பின் அது பீனிசமாயிருக்கலாம், வைத்தியரிடம் காட்டுக.

2. தூசியால் உண்டாகும் நோய்

சூடடிக்கும்போதும் நெல்லைத் தூற்றும்போதும் உமித் துகள், சுணை, மண், பங்கசு வித்திகள் ஆகியன காற்றிற் கலக்கின்றன. இயந்திரத்தால் அறுத்து அடிப்பினும் இத்தூசி குறைவதில்லை. உலர்ந்த மிளகாயைக் குவித்துச் சாக்கில் அடைக்கும்போது எழும் நெடியும் மூக்கை உறுத்தும். ஒவ்வாமையுடையோருக்குத் தொடர்ச்சியான தும்மல், மூக்கரிப்பு, கண்ணரிப்பு, தெளிந்த நீர்வடிதல் ஆகியன உண்டாகும். தடிமனில் காய்ச்சல் இருக்கலாம். ஒவ்வாமையிற் காய்ச்சலும் இல்லை, அரிப்பே மிகுதி. களத்தை விட்டு நீங்கினாற் குறைவதும், மீண்டும் சென்றால் வருவதும் இதன் அடையாளம். இதனைக் கவனியாது விட்டால் சிலருக்குப் பின்னர் தொய்வும் ஏற்படலாம்.

ஈரத்தோடு குவித்த வைக்கோல் பூஞ்சணம் பிடிக்கும். அதனைக் கிளறியவருக்கு 4 முதல் 8 மணி நேரத்தின் பின் காய்ச்சல், இருமல், மூச்சுமுட்டல் வருமாயின், நோய் மூக்கைக் கடந்து நுரையீரலை எட்டிவிட்டது என்று அறிக.

சிகிச்சை: அரை லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அதில் மட்டமான ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, வேலை முடிந்தபின் மூக்கைக் கழுவலாம். கிணற்று நீரையோ குளத்து நீரையோ கொதிக்கவையாமல் இதற்கு உபயோகித்தல் ஆகாது. ஒவ்வாமைக்குரிய குளிசைகளையும் மூக்கில் விசிறும் மருந்துகளையும் வைத்தியர் தருவார். கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை 5 நாட்களுக்கு மேல் விடலாகாது. விட்டால் அடைப்பு முன்னிலும் அதிகமாகும்.

தடுப்பு: காற்று வரும் பக்கத்தில் நின்று வேலை செய்க. சால்வையால் மூக்கைக் கட்டுவது பருந்தூசியை மாத்திரமே தடுக்கும். நுண்டூசிக்கு முகத்தோடு பொருந்தும் தூசி முகமூடி வேண்டும். வைக்கோலை நன்கு உலர்த்திய பின்னரே போராக்குக.

3. பீடைநாசினியால் உண்டாகும் நீர்வடிதல்

மருந்து விசிறியவருக்கு அன்றே மூக்கிலிருந்து நீர் வடிந்தால் அதைத் தடிமன் என்று எண்ணி இருந்துவிடலாகாது. அதனுடன் வாயில் உமிழ்நீர் ஊறல், வியர்வை, கண்மணி சுருங்கல், வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எதுவும் காணப்படின் அது நஞ்சேறியமைக்கு அறிகுறி. உடனே உடைகளைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தாயினும் வேறு வாகனத்திலாயினும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. மருந்துப் போத்தலின் பெயர்ச்சீட்டையும் எடுத்துச் செல்லவேண்டும். கைவைத்தியஞ் செய்து காலத்தைப் போக்கலாகாது.

4. குளத்து நீரும் மூக்குச்சதையும்

இந்தியாவிலும் இலங்கையிலுமே மிகுதியாகக் காணப்படும் மூக்குநோய் ஒன்று உண்டு. இதனை உண்டாக்கும் உயிர் ‘றைனோசுப்போரிடியம்’ எனப்படும். 1900 ஆம் ஆண்டில் ஆர்ச்சென்ரீனாவில் சீபர் என்பவர் இதனை முதலில் விவரித்தார். நெடுங்காலம் பங்கசு என்று கருதப்பட்ட இது, மீன்களைப் பற்றும் சில ஒட்டுண்ணிகளின் இனத்தைச் சார்ந்தது என்று 1999 இல் வெளியான ஆய்வு காட்டியது.

தேங்கிய குளங்களில் மூழ்கிக் குளிப்போரையும், அத்தகைய நீரில் நின்று தொழில் செய்வோரையும் இது பெரிதும் பற்றுகின்றது. நீரிலுள்ள வித்திகள், மூக்கினுள் உள்ள சிறு கீறல் வழியாகப் புகுகின்றன என்று கருதப்படுகின்றது. பெரும்பாலும் ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பும், அடிக்கடி இரத்தம் கசிதலும் காணப்படும். உள்ளே நோக்கின் வெண்புள்ளிகளையுடைய சிவந்த சதை தெரியும். இதனால் நோவு உண்டாவதில்லை. அதனாலேயே பலர் பல மாதம் வாளாவிருந்துவிடுகின்றனர்.

இச்சதையை வீட்டிற் பிடுங்கவோ அறுக்கவோ முயலலாகாது. இரத்தம் பெருகுவதோடு, வித்திகள் சிதறி வேறிடத்திலும் சதை வளரும். வைத்தியசாலையில் சத்திரசிகிச்சையால் அதனை அகற்றி, அடியையும் சுட்டுவிடுவார்கள். சிலருக்கு மீண்டும் வளரக்கூடுமாதலால் வைத்தியர் குறித்த நாட்களில் தவறாது செல்லவேண்டும். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை; ஆதலால் நோயாளியை ஒதுக்கிவைத்தல் தகாது.

கால்நடைகள் இறங்கிக் கலக்கும் தேங்கிய நீரில் மூழ்காமலிருத்தலும், கிணற்று நீரை அள்ளிக் குளித்தலும், மூக்கை நகத்தால் கிண்டாமலிருத்தலும் தக்க பாதுகாப்பாகும்.

தாமதியாது வைத்தியரை நாடவேண்டிய அறிகுறிகள்

(அ) ஒரு பக்க மூக்கு மட்டும் இடைவிடாது அடைத்திருத்தல்.
(ஆ) மூக்கிலிருந்து அடிக்கடி இரத்தம் வருதல்.
(இ) மூச்சுமுட்டல் அல்லது நெஞ்சிரைப்பு.
(ஈ) மருந்து விசிறிய அன்று நீர்வடிதலும் வியர்வையும்.
(உ) கண்ணைச் சுற்றி வீக்கம், கடுந் தலைவலி.

அரசாங்க வைத்தியசாலைகளில் இவற்றுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கும். அறுவடை முடியட்டும் என்று நாளைக் கடத்தாது, அறிகுறி கண்டவுடனே செல்லுதல் கமக்காரருக்கும் அவர் குடும்பத்துக்கும் நலம் பயக்கும்.